அக்காவின் நிலுவைப் பதிவுகள்

எழுதியதை உடனே வெளியிடக் கூடாது என்பது என் கொள்கை. ஒரு நாள் ஆறப்போட்டு, மறுநாள் யாரோ எழுதியதைப் போலப் படித்துப் பார்த்தால் பாதிப் பிழை தானாகக் கண்ணில் படும். எங்கள் வலைப்பூவில் எழுதுகிற எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை, அது வேறு விஷயம்.

வீட்டுச் சாமான்களைப் பழுது பார்ப்பதற்கான வலைப்பூ அது. தொடங்கியவன் நான், நிர்வாகியும் நானே. சுவிட்சு, மோட்டார் பற்றி எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் எழுதுவார். குழாய், கதவுக் கீல் என் பொறுப்பு. துணிமணிக்கு என் அக்கா. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தையல் மெஷினில் உட்கார்ந்தவள். அத்தான் இறந்த பிறகு என்னோடு வந்து தங்கினாள். இதயம் பலவீனமாக இருக்கிறது, மாடிப்படி இறங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பொழுது போகட்டும் என்று கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்து, வலைப்பூவில் அவளை 'ஆசிரியர்' ஆக்கினேன். ஆசிரியர் என்றால், எழுதியதைத் தானே வெளியிடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஜிப் மாற்றுவது எப்படி என்று ஆரம்பிப்பாள். மூன்றாவது பத்தியில் ஜிப்பை அம்போவென்று விட்டுவிட்டு மகளைப் பற்றிப் பேசப் போய்விடுவாள். வாண்டு என்று நாங்கள் கூப்பிட்ட மகள். அத்தானின் கடைசி நேரத்துக்கு அவளால் வந்து சேர முடியவில்லை. அந்த வேதனையில் அக்கா, "இனிமே என் மூஞ்சியில முழிக்காத" என்று சொல்லிவிட்டாள். வாண்டு அப்படியே போய்விட்டாள். தொலைபேசி எண்ணையும் மாற்றிவிட்டாள். அக்காவுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. "எங்கேயிருந்தாலும் நான் எழுதறதை அவ படிப்பாடா."

வாசகர்கள் அக்காவைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள். நான் மெனக்கெட்டு வாஷர் மாற்றுவதைப் படம் போட்டு விளக்கினால், கீழே ஒருவர், "அக்கா எப்ப எழுதுவாங்க?" என்று கேட்டிருப்பார். பொறாமை என்று நினைத்துக்கொள்வீர்கள். கொஞ்சம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் காரணம் அதுவல்ல. பழுது பார்க்கும் இடத்தில் வீட்டுக் கதை எதற்கு என்பதுதான் என் கேள்வி. ஒரு நிர்வாகி கேட்க வேண்டிய கேள்விதான் அது.

ஆகவே அவள் பெயருக்கு நேரே 'ஆசிரியர்' என்று இருந்ததைப் 'பங்களிப்பாளர்' என்று மாற்றினேன். பங்களிப்பாளர் எழுதலாம், வெளியிட முடியாது. எழுதியது நிலுவையில் நிற்கும், நிர்வாகி அனுமதித்தால்தான் வெளியே போகும். பெரிய பத்திரிகைகளிலும் இதுதான் வழக்கம்.

மறுநாள் அக்கா, "தம்பி, போட்டோ போடற பட்டனைக் காணோமே. 'வெளியிடு'ன்னு இருந்ததும் என்னமோ 'மதிப்பாய்வுக்கு'ன்னு மாறியிருக்கு" என்றாள்.

"புது வெர்ஷன் வந்திருக்குக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"ஓ, சரி சரி."

அனுப்பிவிட்டு, முன்னோட்டத்தைத் திறந்து பார்ப்பாள். தலைப்பு, பெயர், தேதி எல்லாம் அச்சு அசலாக வெளிவந்த பதிவைப் போலவே இருக்கும். அது அவள் கண்ணுக்கு மட்டும் தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஊரே படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். தினமும் காலையில் நான் டீயை நீட்டும்போது, "ஏதாச்சும் வந்திருக்கா?" என்பாள். "இல்லக்கா, ஜனங்களுக்கு எங்க நேரம்?" என்பேன். டீயை வாங்கி ஆறவிட்டுக் குடிப்பாள்.

ஒரு நாள் சட்டையைப் பற்றி, துணியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாமல் எழுதியிருந்தாள். "வாண்டு, எந்தத் தையலையும் பிரிச்சு மறுபடி தைக்கத் தெரிஞ்சவ நான். அன்னைக்குச் சொன்ன வார்த்தையை எப்படிப் பிரிக்கறதுன்னு தெரியல. அம்மாவுக்கு உடம்பு முடியல. வந்துடு." அவ்வளவுதான். வலைப்பூவுக்குப் பொருத்தமில்லாதது. ஆறட்டும் என்று வைத்தேன்.

அதே வாரம் அக்காவின் பழைய பதிவு ஒன்றின் கீழ் ஒரு பின்னூட்டம் வந்தது. அதையும் நான் அனுமதித்தால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். "அம்மா, ரொம்ப நாளா நீ எழுதலையே. உடம்பு சரியில்லையா? நான் வரட்டுமா?" பெயருக்குப் பதில் வாண்டு என்று போட்டிருந்தாள்.

என் திரையில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மேலே, வந்துடு. கீழே, வரட்டுமா. இரண்டுக்கும் பக்கத்தில் 'அனுமதி' என்ற பட்டன் இருந்தது.

நான் அன்று அழுதேன். அதையும் சொல்லத்தான் வேண்டும். கல் நெஞ்சுக்காரன் இல்லை நான். அக்கா வருவதற்கு முன்னால் இந்த வீட்டில் நான் குழம்பு வைத்து, நானே உப்புப் பார்த்து, நானே நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டு சாப்பிட்டவன். வாண்டு வந்தால் அம்மாவைக் கையோடு கூட்டிப்போவாள். போகட்டும் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அக்கா கேட்பதை நிறுத்தினாள். "அவ படிச்சிருப்பாடா. பதில் சொல்ல மனசில்ல போல," என்றாள். பிறகு டேப்லெட்டைச் சார்ஜில் போடக்கூடச் சொல்லவில்லை. மாத்திரையைக் கொடுத்தால் விழுங்குவாள். கொடுக்காவிட்டால் கேட்க மாட்டாள். நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை, எலக்ட்ரீஷியனைக் கேட்டுப் பாருங்கள்.

அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு அவர்தான் உடனிருந்தார். அக்கா கண் திறக்காமல் கிடந்தாள். "அண்ணே, பொண்ணுக்குச் சொல்லணுமே. ஏதாச்சும் விலாசம், நம்பர்?" என்றார்.

"ஒண்ணும் இல்லப்பா," என்றேன்.

பின்னூட்டம் எழுதுகிறவரின் மின்னஞ்சல் முகவரி நிர்வாகிக்கு மட்டும் தெரியும். வாண்டுவின் முகவரி எனக்கு மனப்பாடமாகவே இருந்தது. மறுநாள் விடியும்வரை அக்கா உயிரோடு இருந்தாள். ஒரு வரி அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் வாண்டு எல்லாவற்றையும் கேட்பாளே என்று பயமாக இருந்தது.

வாண்டு இன்னும் எழுதுகிறாள். "கோபமெல்லாம் போதும்மா. ஜிப்பைப் பத்தியாவது ஏதாவது எழுதேன்." அம்மா இல்லை என்பது அவளுக்குத் தெரியாது. போன வாரம்கூட ஒன்று வந்தது. அதுவும் நிலுவையில்தான் இருக்கிறது.

இப்படி எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதிவிட்டேன். வாண்டு, இது உனக்குத்தான். உன் அம்மா உன்னைக் கூப்பிட்டாள். நீயும் வரட்டுமா என்று கேட்டாய். நடுவில் உட்கார்ந்து தடுத்தவன் உன் மாமன். மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை.

எழுதிமுடித்ததும் மனசு லேசானது. காரியம் முடிந்த வாரத்தில் எழுதத் தொடங்கியது இது; ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வாக்கியம் உறுத்தும், திருத்துவேன். இன்றைக்கு ஓரளவு சரியாக வந்திருக்கிறது. நாளைக் காலையில் இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டு வெளியிட்டுவிடுவேன். ஒரு நாள் ஆறினால் யாருக்கு என்ன குறைந்துவிடப் போகிறது.