கெட்ட சதை என்று வெட்டவிடாத கைகளுக்கு

கண்ணொளி காத்த கருணைக் கரமே! ஊசியும் நூலும் கொண்டு இருளை விரட்டியவரே! ஓநாயோடு மல்லுக்கு நிற்கும் மந்தை நாயும் உங்கள் மடியில் மட்டும் மூக்கைப் புதைத்து முனகுமே, அந்த மடிக்கு உரிய மாண்புமிகு மருத்துவர் புருல்கான் அக்கா அவர்களே!

ஆற்றங்கரைப் பிராணி மருத்துவமனையில் நாய் பிடிப்பவர்கள், தரை கழுவுபவர்கள், கத்தி கத்தரிகளை வேகவைப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து இந்த மடலை உங்கள் வழியனுப்பு விருந்தில் உங்கள் முன் படிக்கிறோம். பாராட்டு மடல் இனிப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். எங்களுக்கோ வயிறு எரிகிறது. எரிவதை மறைத்து அழகாக எழுத எங்களுக்குக் கை வரவில்லை.

நாயின் கண் வெளுத்தால் சர்க்கரையைப் பொடித்துக் காகிதக் குழலால் உள்ளே ஊதிவிட்டுத்தான் மேய்ச்சல் மலையிலிருந்து நம் ஆட்கள் இறங்கி வருவார்கள். மேய்ப்பர் தோக்தோசுன் தம் வேட்டை நாய் அக்தோஷை அப்படித்தான் தோளில் சுமந்து வந்தார். புண் கருவிழியைக் கரைத்துக்கொண்டிருந்தது.

"ஏம்ப்பா தோக்தோசுன், டீயில போடுறத நாய் கண்ணுல போட்டிருக்கியே! உன் கண்ணக் காட்டு, ரெண்டு ஸ்பூன் போடுறேன்" என்றீர்கள்.

"எங்கப்பா காலத்துலேருந்து இதுதான் வைத்தியம், அக்கா."

"அப்பா வளர்த்த நாய்ல எத்தனை குருடாச்சுன்னு அவர் சொன்னாரா?"

அவர் நாயை மேசைமேல் இறக்கினார். நீங்கள் அக்தோஷின் ரத்தத்தையே எடுத்து இயந்திரத்தில் சுழலவிட்டு, மேலே தெளிந்த நீரைச் சொட்டுச் சொட்டாக அதன் கண்ணில் விட்டீர்கள். சோறு ஆறியது, டீ ஆறியது, நீங்கள் எழுந்திருக்கவில்லை. அக்தோஷ் இன்று நரியைத் துரத்துகிறது. தோக்தோசுன் இப்போது அடுத்த வீட்டுக்காரன் சர்க்கரை இடிக்கிற சத்தம் கேட்டாலே சண்டைக்குப் போகிறாராம்.

இப்படிப்பட்டவரை, பொறுமையின் பொக்கிஷத்தை, ஓய்வு வயது வந்த அன்றே அனுப்புகிறார்கள்! இன்னும் இரண்டு ஆண்டு இருக்கிறேன் என்று நீங்களே கேட்டும் அனுப்புகிறார்கள்! இதற்கு மரியாதை என்று சப்பான் என்னும் நம் நீள அங்கியைப் போர்த்துகிறார்கள், படம் எடுக்கிறார்கள்!

காரணம் எங்களுக்குத் தெரியும். மந்தை நாய்க் குட்டிக்குக் கண்ணின் மூக்கோரத்தில் சிவப்பாக ஓர் உருண்டை பிதுங்கும். கெட்ட சதை என்று சொல்லி, குதிரைக் கண்ணில் அறுத்த பழக்கத்தில் நாய்க்கும் அறுப்பார்கள் நம் மக்கள். அது கண்ணீர் ஊறும் சுரப்பி, அறுத்தால் இன்றைக்கு அழகாக இருக்கும், நாளடைவில் கண் காய்ந்து குருடாகும் என்று சொல்லிச் சொல்லியே உங்கள் தொண்டை காய்ந்தது. நீங்கள் அதை உள்ளே தள்ளி, மேலே பை போலத் தைத்து மூடுவீர்கள். நேரம் பிடிக்கும்; அறுப்பதோ நொடி வேலை. அந்த நேரம்தான் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் இயக்குநர் மெலிஸ் அவர்களின் கண்ணை உறுத்தியது; அறுத்து அனுப்புங்கள் என்றார். மேய்ப்பன் அறுத்தால் அறியாமை. படித்தவர் அறுத்தால் அதற்கு என்ன பெயர்? திங்கட்கிழமை முதல் உங்கள் கண் அறை, பணக்கார நாய்களுக்கு முடி வெட்டும் அறையாம்!

முந்தாநாள் நீங்கள் இல்லாத நேரத்தில் ஒரு மேய்ப்பர் வீட்டு அம்மா கண்ணில் சிவப்பு உருண்டை பிதுங்கிய குட்டியைக் கொண்டுவந்தார். மயக்க மருந்துகூடக் கொடுக்கவில்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டுவிட்டு இயக்குநர் கத்தரியை எடுத்தார்.

"பிடிங்கடா."

"தைக்கிறதுன்னா பிடிக்கிறோம், அண்ணே."

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் டாக்டர். கை எங்களோடது."

"சம்பளம் வேணுமா வேணாமா?"

"வேணும். குட்டிக்குக் கண்ணும் வேணும்."

அந்த அம்மா எங்கள் முகத்தைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார், குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். உங்களிடம் தையல் கற்ற இளம் மருத்துவர் தாமிரா அப்போது உள்ளே வந்து, "இங்க குடுங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்று உங்கள் அறையைத் திறந்தார். மயக்க ஊசி போட்டார். நாங்கள் பிடித்தோம். அவர் உருண்டையை உள்ளே தள்ளி மூடினார். தையல் உங்கள் தையல் போலவே இருந்தது. அக்கா, அந்தக் குட்டி நேற்று இரண்டு கண்ணாலும் எங்களை முறைத்துவிட்டுப் போனது.

நீடு வாழ்க, நோயின்றி வாழ்க, உங்கள் கண்ணில் புகைபடியாமல் வாழ்க! ஆனால் அந்த அறை மூடினால் இந்த வாழ்த்துக்குப் பொருளே இல்லை.

இதோ, விருந்துக்கு வேகவைத்த ஆட்டுத்தலை வருகிறது. யாரை அடிக்கடி பார்க்க ஆசையோ அவருக்கு அதன் கண்ணை அறுத்துக் கொடுப்பது நம் வழக்கம். ஒரு கண் உங்களுக்கு. மற்றொன்று மருத்துவர் தாமிராவுக்கு. திங்கட்கிழமையும் அவரை அந்த அறையிலேயே பார்க்க வேண்டும். காதை, சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று வீட்டில் சின்னவர்களுக்குக் கொடுப்போம். இன்று அது இயக்குநருக்கு. மெலிஸ் அண்ணே, மென்றுகொண்டே கேளுங்கள்: அந்தச் சுரப்பியை அறுக்க, இந்த மருத்துவமனையில் ஒரு கையும் நாயைப் பிடிக்காது.

இங்ஙனம்,
நாய் பிடிக்கும் கைகளும், அவற்றோடு சேர்ந்த ஊழியர் அனைவரும்