டிராகனின் நான்காவது வண்டி

சின்னப் பிள்ளைகளுக்கு பெல்ட் போடும்போது அவசரப்படக் கூடாது. பெல்ட்டைக் கையில் எடுத்ததுமே வயிற்றை உப்பிக்கொள்வார்கள். உப்பிய வயிற்றுக்கு இழுத்துக் கட்டினால், வண்டி கிளம்பி அவர்கள் மூச்சு விட்டதும் தளர்ந்துபோகும். அதனால் முதலில் பேச்சுக் கொடுக்க வேண்டும். எத்தனாவது படிக்கிறாய், மத்தியானம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் போதும். பதில் சொல்வதற்காக மூச்சை விடுவார்கள். அப்போது இழுத்து மாட்டிவிட வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. பதினோரு வருடத்தில் நானாகக் கற்றுக்கொண்டது.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் சார். முதல் என்றால் எனக்குக் கிளிவனம்தான்.

நாங்கள் ஹனூர்ப் பக்கம். வீட்டுக்காரர் இறந்ததும் தம்பி பழனியைக் கூட்டிக்கொண்டு மைசூருக்கு வந்தேன். மண்டி மொஹல்லாவில் ஒரு அறை. எண்பத்தேழில் நஞ்சுண்டசாமி ஐயா கிளிவனம் பார்க்கை ஆரம்பித்தபோது, பெண்பிள்ளைகளுக்கு பெல்ட் போட ஒரு பொம்பளை வேண்டும் என்று என்னைச் சேர்த்துக்கொண்டார். மறு வருடம் பழனியையும் சேர்த்துவிட்டேன். அவனுக்கு அப்போது பதினேழு வயது. மெஷின் வேலை சட்டென்று பிடிபட்டது. ஜெயன்ட் வீலை அவன் ஓட்டுவான், நான் ஆளை ஏற்றி இறக்குவேன்.

கிளிவனத்தில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஒரு ஜெயன்ட் வீல், ஒரு கொலம்பஸ் படகு, குதிரை ராட்டினம், சுற்றிவரும் குட்டி ரயில். அக்ரஹாரத்திலிருந்து நடந்தே வருவார்கள். புளியோதரை கட்டிக்கொண்டு வந்து புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, எட்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். அடுத்த மாதம் திரும்பவும் வருவார்கள். முதல் வருடம் மடியில் வைத்து ஏற்றிய பிள்ளை, நான்கு வருடம் கழித்துத் தனியாக ஏறுகிறேன் என்று அடம்பிடிக்கும். எனக்கு இருநூறு பிள்ளைகளின் பெயர் தெரியும். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரியும்.

தொண்ணூற்றாறில் பெங்களூர் ரோட்டில் மகாலோகா வந்தது. நீங்கள் போயிருப்பீர்கள். உள்ளேயே ஹோட்டல், உள்ளேயே ஏரி, மலை மாதிரி ஒரு வாசல். அங்கே வருகிறவர்கள் பெங்களூரிலிருந்து, கேரளாவிலிருந்து, மெட்ராசிலிருந்து டூரிஸ்ட் பஸ்ஸில் வருவார்கள். அரண்மனையைக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாள் முழுக்க ஆடிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒரு முகம் இரண்டாவது தடவை வந்து நான் பார்த்ததில்லை.

கிளிவனத்திலிருந்து முதலில் போனது பழனிதான். அந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் வந்து சொன்னான்.

"யூனிபாரம், பிஎஃப் எல்லாம் குடுக்கறாங்க அக்கா. இங்க இன்னும் எத்தன நாளைக்கு வீல் சுத்திக்கிட்டு இருக்கறது?"

"ஐயா என்ன சொன்னாரு?"

"போப்பான்னுட்டாரு. நீயும் வந்துருக்கா. நான் சொல்லி வைக்கறேன்."

நான் போகவில்லை. அவன் போன பிறகு உதயகுமாரைக் கூப்பிட்டுக்கொண்டான், பிறகு ஜடையனை. மெஷின் தெரிந்தவர்கள் அந்த மூன்று பேர்தான். கொலம்பஸ் நின்றது, பிறகு ரயில் நின்றது. அடுத்த வருடம் கோடை லீவிலேயே ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் வந்தால் அதிகம். ஆகஸ்டில் ஜெயன்ட் வீலை கேஸ் கட்டிங் வைத்து அறுத்து லாரியில் ஏற்றினார்கள். ஐயா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, "சுந்தரம்மா, ஊட்டா ஆயித்தா?" என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். பதினெட்டு நாளில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இப்போது ஆளைத் தெரிவதில்லை.

எனக்குப் பழனி மேல் கோபம் எதுவும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவன்தான் எனக்கு மகாலோகாவில் வேலை வாங்கித் தந்தான். டிராகன் என்கிற ரோலர் கோஸ்டரில் அவன் பட்டனை அழுத்துகிறவன், நான் கம்பி இறக்குகிறவள். பழைய மாதிரியே அக்காவும் தம்பியும் ஒரே இடத்தில்.

டிராகனுக்கு பெல்ட் கிடையாது. ஆறு வண்டி, வண்டிக்கு இரண்டு இருக்கை, ஒவ்வொரு இருக்கைக்கும் தனிக் கம்பி. கம்பியை மடிமேல் இறக்கினால் இரண்டு தடவை 'டக்' என்று கேட்க வேண்டும். முதல் டக்கில் கம்பி நிற்கும், பூட்டாது. இரண்டாவதில்தான் பூட்டு விழும். பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியாது. தெரிகிற ஒரே ஆள் கம்பி இறக்குகிறவள்.

நான் நினைத்தது சின்ன விஷயம். பெரிய பார்க் என்றால் பத்திரம் என்று ஜனங்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிளிவனத்தில் பத்து வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட முழங்கால் சிராய்த்ததில்லை. அது யாருக்கும் தெரியாது. மகாலோகாவில் ஒரு தடவை ஏதாவது நடந்தால், பேப்பரில் வந்தால், மைசூர் ஜனங்கள் யோசிப்பார்கள். யாராவது ஒருவர் கிளிவனம் மாதிரி சின்னதாகத் திரும்பவும் ஆரம்பிப்பார். ஒரு கை முறிந்தால்கூடப் போதும் என்றுதான் நினைத்தேன்.

சும்மா நினைத்துக்கொண்டு செய்யவில்லை. தினமும் காலையில் ஆள் ஏறுவதற்கு முன்னால் மணல் மூட்டைகளை வைத்து டிராகனை ஓட்டிப் பார்ப்பார்கள். மூட்டைகளுக்குக் கம்பி இறக்குவதும் என் வேலை. நான்காவது வண்டியில் இடப்பக்க இருக்கைக்கு மட்டும் முதல் டக்கோடு விட்டேன். பெரிய மூட்டை அசையாமல் திரும்பி வந்தது. மறுநாள் நடுத்தர மூட்டை வைத்தேன். அதுவும் வந்தது. மூன்றாவது நாள் இருபது கிலோ மூட்டை. அது மூன்றாவது வளைவில் கீழே விழுந்தது.

பழனி ஓடிவந்து பார்த்தான். சிமெண்டுத் தரையில் மூட்டை பிய்ந்து மணல் சிதறிக் கிடந்தது.

"என்னக்கா இது? கம்பி பூட்டலயா?"

"பூட்டுச்சுப்பா. மூட்டை சின்னது, கீழால நழுவிருச்சு."

அவன் கம்பியை இறக்கிப் பார்த்தான். டக், டக். திரும்பவும் தூக்கி இறக்கிப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். என் கையில் துடைக்கிற துணி இருந்தது. அதை மடித்தேன், பிரித்தேன்.

"சூப்பர்வைசர்கிட்ட எழுதிக் குடுத்தரட்டா?"

"எழுதுனா ரெண்டு நாள் ஓட்ட விட மாட்டாங்க. உம்பேருதான் கெடும்."

கம்பியிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "நீ சொன்னா சரிதான்க்கா" என்று சொல்லிவிட்டு மணலைக் கூட்டப் போனான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்டுக்கொள்வான்.

அதற்குப் பிறகு பதினாறு நாள் நான் ஒன்றும் செய்யவில்லை. ஒவ்வொரு முறையும் நான்காவது வண்டிக்கு வரும்போது கை நிற்கும். டக். கொஞ்சம் நின்று, டக். யாரோ ஒரு பாலக்காட்டுப் பிள்ளை, யாரோ ஒரு ஓசூர்ப் பிள்ளை. திரும்பி வராத பிள்ளைகள்தானே என்று நினைப்பேன். ஆனாலும் அழுத்திவிடுவேன். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்கள் எனக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை.

பதினேழாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ஸ்டாஃப் குடும்பத்துக்கு வருடத்தில் ஒரு நாள் இலவசம். பழனியின் பெண்டாட்டி காவேரி மகள் அனுப்ரியாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பிள்ளைக்கு ஆறு முடிந்து ஏழு நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் கவுன். காவேரிக்கு உயரம் என்றால் தலை சுற்றும், கீழே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். "நீங்க இருக்கீங்கள்ல அண்ணி, பாத்துக்கங்க" என்றாள்.

உயரம் அளக்கிற கோட்டுக்குப் பிள்ளை மூன்று விரல்கடை குறைவாக இருந்தாள். பழனி மேலே கண்ணாடி அறையிலிருந்து கையை ஆட்டினான். வேண்டாம் என்று ஆட்டினானா, வா என்று ஆட்டினானா, எனக்குத் தெரியவில்லை. உள்ளே விட்டேன். தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுவாள்.

"அத்தே, அப்பா எல்லி? எனக்குத் தெரியலயே."

"அதோ, மேல பாரு கண்ணு."

"நான் கத்துனா கேக்குமா?"

"கேக்கும்."

கம்பியை இறக்கினேன். மத்தியானம் என்ன சாப்பிட்டே என்று கேட்டேன். சித்திரான்னம் என்றாள். பிறகு கையைத் தூக்கிப் பழனிக்குச் சரி என்று காட்டினேன். அவன் பட்டனை அழுத்தினான்.

அதற்கு மேல் நடந்தது உங்கள் ஃபைலில் இருக்கிறது. டாக்டர் எழுதியதை நான் படிக்கவில்லை, படிக்கத் தேவையும் இல்லை. மூன்றாவது வளைவு, சிமெண்டுத் தரை. பழனி கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வரவில்லை. இறங்கத் தெரியாதவன் மாதிரி அங்கேயே நின்றான். இரண்டு பேர் போய்த்தான் கூட்டிவந்தார்கள்.

மகாலோகா ஒன்பது நாள் மூடியிருந்தது. பத்தாவது நாள் ஒவ்வொரு இருக்கைக்கும் புது பெல்ட் போட்டுத் திறந்தார்கள். முன்பைவிடக் கூட்டம். அந்த மூன்றாவது வளைவைப் பார்ப்பதற்கென்றே வந்தார்கள். சின்னதாக யாரும் எதையும் ஆரம்பிக்கவில்லை. கிளிவனம் இருந்த இடத்தில் லேஅவுட் போடக் கல் நட்டுவிட்டார்கள்.

பழனி உங்களிடம் சொன்னது எனக்குத் தெரியும். மூட்டை விழுந்த அன்றைக்கே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், என் பிள்ளையை நான்தான் கொன்றேன் என்று சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று காவேரி சொன்னாள். அவன் உங்களிடம் சொன்னது பொய் சார். அவன் எதையும் தானாகச் செய்கிறவன் இல்லை. கம்பியை முதல் டக்கோடு விட்டது நான். அவனை அனுப்பிவிடுங்கள்.

வேண்டுமென்றே அந்தப் பிள்ளையா என்று கேட்டீர்கள். இல்லை சார். நான் முடிவு செய்து வைத்திருந்தது இருக்கையை மட்டும்தான். அதில் யார் வந்து உட்காருவார்கள் என்பது என் கையில் இல்லை. அனுப்ரியா இரண்டாவது வண்டிக்கு நேராகத்தான் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து நான்காவதுக்குக் கூட்டிப்போனேன். அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்தால்தான் அவளை அவள் அப்பாவுக்கு நன்றாகத் தெரியும்.