வாயால் ஒரு கெட்டிமேளம்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

“எங்க தம்பி பொண்ணு கல்யாணத்துல மேளமே கிடையாதுங்க.”

“மேளம் இல்லாமலா?”

“பொண்ணோட அண்ணன் காலேஜ்ல பாட்டு வாத்தியார். வாத்தியமே வேணாம், எல்லாம் வாயாலேயேன்னு பாட்டு அமைக்கிறவன். கெட்டிமேளத்துக்கும் பத்துப் பசங்களை நிறுத்திட்டான்.”

“ஐயர் சொன்னதும் ஆரம்பிச்சாங்களா?”

“இவன் கை காட்டாம வாயைத் திறக்கக் கூடாதுன்னு பழக்கியிருக்கான். தாலி கட்டுறப்போ இவன் தங்கச்சியைப் பார்த்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறான்.”

“ஐயையோ!”

“மண்டபமே கப்சிப். சம்பந்தியம்மா போட்ட தும்மல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு.”

பஸ் காவிரிப் பாலத்தைத் தாண்டும்வரை சிரித்தார்கள்.

“அப்புறமாவது கை காட்டினானா?”

“காட்டினான். அதுக்குள்ள எல்லாரும் சாப்பிட ஓடிட்டாங்க. பந்தியில இடம் கிடைக்காத எங்க வீட்டுக்காரர் மட்டும் கேட்டாரு. பிரமாதமா இருந்துச்சாம்.”