ஒரே கலயம்

ஒகேனக்கல் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும் உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் நாற்பதை ஒட்டிய வயது. அக்காவின் மடியில் மஞ்சள் துணி கட்டிய மண்கலயம். பென்னாகரம் தாண்டி நான் பாதித் தூக்கத்தில் இருந்தபோது அக்காவின் குரல் கேட்டது.

“ஏண்டா, ரெண்டு பேரையும் ஒரே கலயத்துலயா போட்ட?”

“ஆத்துல தண்ணி வரட்டும்னு அப்பா சாம்பல நாலு மாசமா வேப்பமரத்துல கட்டி வெச்சிருந்தோம். இப்ப அம்மாவும் போயிட்டாங்க. பஸ்ஸுல ரெண்டு கலயம் எதுக்குன்னு ஒண்ணுல கொட்டிட்டேன்க்கா.”

“பதினோரு வருசம் ஒரே வூட்டுல பேசிக்காம இருந்தவங்கடா.”

“இப்பவாச்சும் சேரட்டுமே.”

“சேராதுடா. எட்டாவது புள்ளைங்களுக்கு இதத்தான நடத்துறேன். இது வெறும் கலவை. கலந்து கெடந்தாலும் அது அது தன் கொணத்தோடதான் இருக்கும்.”

பஸ் மலையில் வளைந்து வளைந்து இறங்கியது. காற்றில் ஆற்றின் ஈரம் கலந்து வந்தது. கண்டக்டர்கூடக் கண்ணை மூடியிருந்தார்.

“அப்ப எதுதான்க்கா ஒண்ணா சேரும்?”

“சேர்மம்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு சேந்து புதுசா வேற ஒண்ணா ஆயிரும். அப்புறம் சலிச்சாலும் வடிகட்டினாலும் பிரியாது.”

“அவங்க ரெண்டு பேரும் அப்பிடி ஆகவே இல்லியா?”

அக்கா கலயத்தின் வாயைத் தடவினார்.

“ஆனாங்கடா. நீயும் நானும்.”