வட்டி வூட்டுத் தண்ணி

அந்த ஃபாரம் இல்லம்மா, அது நகைக் கடனுக்கு. வூட்டு லோன்ல சேத்துக் கட்டணும்னா ஒரு வெள்ளைத் தாளு போதும். இந்தப் பணத்த அசல்ல கழிங்கன்னு தெளிவா எழுதிக் குடு. எழுதலன்னா அடுத்த மாச டியூவுக்குன்னு ஓரமா வச்சிடுவாங்க. நான் மொத வருஷம் அப்பிடித்தான் ஏமாந்தேன். குந்து, குந்து. மேனேஜரு சாப்டப் போயிக்கிறாரு, வர மூணு மணி ஆவும்.

குருவிநத்தமா நீ? நான் இங்கதான், வில்லியனூரு. எம் பேரு இர்பானா. எவ்ளோ லோன் உனுக்கு? எட்டு லட்சமா. ரெண்டு பேரும் சேந்து வருஷத்துக்கு இன்னா வருது? நாலா? அட போம்மா, ரெண்டு வருஷ சம்பாத்தியம்தான் கடன். இதுக்கா மூஞ்சி இப்பிடித் தொங்குது? எங்களுக்குப் பன்னெண்டு லட்சம். எங்க வூட்டுக்காரரு யாசினுக்கு செருப்புக் கடையில பதினெட்டாயிரம், எனுக்குத் தையல் கம்பெனியில ஒம்போதாயிரம். கிட்டத்தட்ட நாலு வருஷம் ஒரு வாய் சோறு துன்னாம சேத்தா எவ்ளோ வருமோ, அவ்ளோ கடன்.

டியூ பத்தாயிரத்து நானூறுதான். நாங்க பதினாறு கட்டனோம், மாசாமாசம், ஏழு வருஷம். மிச்சத்துல மூணு பேரு வயித்தக் கழுவணும். கருகமணியத் தவிர கழுத்துல இருந்த அஞ்சு பவுனும் போச்சி. எம் பொண்ணு அர்ஷியா பள்ளிக்கூடத்து டூருக்கு ஒரு தரம் கூடப் போனதில்ல. அன்னைக்குப் பாத்து ஜொரம்னு நான் லெட்டர் எழுதிக் குடுத்துடுவேன்.

இருவது வருஷம் டயம் கீதே, எதுக்கு இந்த அவசரம்னு கேக்கற. எல்லாரும்தான் கேட்டாங்க. ஒரு தம்ளரு தண்ணிக்காகம்மா.

எங்க அத்தா, எங்கப்பாதான். அப்துல் கனின்னா எங்க தெருவுல அத்தன மரியாத. வட்டி எங்க மார்க்கத்துல ஆவாது, அது எனுக்கும் தெரியும். உறுத்தாம இல்ல. வாடகை வூட்ட மூணு தரம் காலி பண்ணச் சொன்னாங்க, வேற வழி தெரியல. மொதல்ல அவுருகிட்டதான் போயி நின்னேன். கரையாம்புத்தூர் நெலத்த வித்த பணத்த மொத்தமா எந் தம்பி மன்சூருக்கு ஹார்டுவேர் கடை வச்சிக் குடுத்துட்டாரு. சரி, ஆம்பளப் புள்ளன்னு வுட்டுட்டேன். லோன் போட்டு வூட்டக் கட்டி குடிபோன அன்னைக்கு, வாசல்ல வண்டிய நிறுத்திக்கினு உள்ள வரல. வட்டியில நிக்கிற வூட்டுல என் தொண்டையில தண்ணி எறங்காதுன்னாரு. அத்தன சனத்துக்கு முன்னாடி. அதுக்கப்புறம் பெருநாளைக்குப் பெருநாளு வருவாரு, கேட்டுக்கு வெளியவே நின்னு புள்ள கையில நூறு ரூவாயக் குடுத்துட்டுப் போயிடுவாரு. அவுருக்குன்னு வாங்குன கண்ணாடித் தம்ளரு அட்டப்பொட்டியிலயே கெடந்துச்சி.

முடிச்சிட்டோம்மா. முடிச்சி ரெண்டு மாசம் ஆச்சி, பத்திரம் கைக்கு வந்துடுச்சி. ஒரு வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சி வந்தாரு. செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்தாரு. பிரியாணி ஆக்குனேன். அந்தத் தம்ளருல ரெண்டு தரம் வாங்கிக் குடிச்சாரு. நான் அடுப்புகிட்ட நின்னு அழுதேன்.

கையக் கழுவிட்டு, பத்திரத்த எடுத்தாம்மா பாப்போம்னாரு. கண்ணாடியப் போட்டுக்கினு ஒவ்வொரு பக்கமா படிச்சாரு. பொண்ணு வூட்டப் பாத்துப் பூரிச்சிப் போயிட்டாருன்னு நெனச்சேன், லூசு மாரி. மடிச்சி வச்சிட்டு சொல்றாரு, மன்சூரு கடைக்கு சரக்கு போடணும், இத்த அடமானம் வச்சி பத்து லட்சம் எடுத்துக் குடு, அவன் கட்டிடுவான்னு. வட்டி ஆவாதேன்னு கேட்டேன். அது வேறம்மா, இது நிர்பந்தம், உனுக்குப் புரியாதுன்னாரு. பல்லு இடுக்குல இருந்த கறியக் குத்திக்கினே சொன்னாரு. த்தூ. பெத்தவர அப்பிடிச் சொல்லக் கூடாதுதான். ஆனா அந்தச் சட்டிய நாலு தரம் தேச்சித் தேச்சிக் கழுவுனேன். அவுர நெனச்சி மட்டும் இல்ல. இவுரு வாய்க்கு ஒரு வாய் தண்ணி ஊத்தறதுக்காக எம் புள்ளைக்கு வருஷா வருஷம் ஜொரம்னு எழுதுனேனே, என்னைய நெனச்சாலும் அருவருப்பாத்தான் கீது.

முடியாதுன்னு சொல்லலாம்தான். பத்திரம் எம் பேருலதான் கீது. யாசினு வாயத் தொறக்க மாட்டாரு, மாமாவாச்சேம்பாரு. நான்தான் சொல்லணும். அத்தா மூஞ்சியப் பாத்தா எனுக்கு அந்த வார்த்த வாயில வரல. நாப்பது வயசாவுது, இன்னும் வரல. யாசினுக்கு ஜொரம், அது இதுன்னு மூணு வாரம் தள்ளிட்டேன். இன்னைக்கு சாயங்காலம் மன்சூர இட்டுக்கினு வராராம் வூட்டுக்கு.

லாக்கரா? சாவிய எடும்பாரு. நான் எடுத்துக் குடுத்துடுவேன். என்னைய எனுக்குத் தெரியாதா?

இந்தப் பையில இருக்கறது அதான், பத்திரம். மறுபடியும் இங்கியே வச்சி லோன் எடுக்கறேன். ரெண்டு வாரம் முன்னாடியே எழுதிக் குடுத்துட்டேன், இன்னைக்கு ஒப்படச்சிட்டுக் கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. மூணு லட்சம், அதுக்குக் கம்மியா தர மாட்டாங்களாம். அர்ஷியா காலேஜுக்கு ஆவும். மாசம் ரெண்டாயிரத்து அறநூறு, இருவது வருஷம். ஒத்த ரூவா சேத்துக் கட்ட மாட்டேன். வட்டிக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன்.

சாயங்காலம் நான் ஒண்ணும் பேச வேண்டியதில்ல, பேங்க் ரசீதக் காட்டுனா போதும். வட்டி வூட்டுலதான் அவுருக்குத் தண்ணி எறங்காதே. தம்ளரக் கழுவி அட்டப்பொட்டியில வச்சிட்டுத்தான் வந்தேன்.