தட்டிப் பார்த்த வீடு

நான் சின்னவன் பேசுகிறேன். வயது இருபத்தேழு. இருப்பது பஸ் நிலையத்துக்குப் பின்னால், நாலு பேர் தங்கும் அறையில், கீழ்க்கட்டிலில். வீட்டில் பேசுவது போலப் பேசினால், சொல்வதை எழுத்தாக்கும் இந்த போன் கண்டதையும் எழுதி வைக்கிறது. அதனால் செய்தி வாசிப்பவர் மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். அக்கா, சிரிக்காதே.

அம்மா உன் வீட்டுக் கூடத்தில் பாய் போட ஆரம்பித்து ஆறு வருஷம் ஆகிறது. மாமா ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர் செருப்பு சத்தம் கேட்டாலே அம்மா பாயைச் சுருட்டுகிறாள். வீடியோவில் நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் வீடு தேட ஆரம்பித்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். கரையானுக்கு மருந்து அடிப்பது. ஸ்க்ரூடிரைவர் பிடியால் மரத்தைத் தட்டினால் போதும், உள்ளே இருக்கிறதா இல்லையா என்று காதே சொல்லிவிடும். வீடு பார்க்கப் போன இடத்திலும் கை சும்மா இருக்காது. கதவு, நிலை, படிக்கட்டு, எல்லாவற்றையும் தட்டுவேன். தரகர் அண்ணன் அதைப் பார்த்து என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார்.

"வாங்க டாக்டரே, நோயாளி உள்ள படுத்திருக்கு, பாத்துச் சொல்லுங்க."

எட்டு வீடு காட்டினார். எட்டும் எனக்குப் பிடித்திருந்தது. எட்டும் அந்த வாரமே வேறு யாருக்கோ போனது. ஒவ்வொரு தடவையும் தோளில் கை போட்டு, "ராசி உனக்கு இல்லடா தம்பி, ஆனா உன்னால வீட்டுக்கு ராசி" என்பார். நானும் சிரிப்பேன். லீவு போட்டுச் சம்பளத்தை இழந்து சிரிப்பேன்.

ஒன்பதாவது வீடுதான் மஞ்சள் வீடு. மாடி அறை அன்றைக்குப் பூட்டியிருந்தது. கீழே முழுக்கத் தட்டினேன், கெட்டி. அங்கிருந்தே அம்மாவுக்கு வீடியோ போட்டேன். ஞாபகம் இருக்கிறதா? கீழே பின்னறை ஜன்னலைப் பார்த்து, "இங்க படுத்தா வெளிச்சம் மூஞ்சில விழும்டா. விழட்டும்" என்றாள். அம்மா தனக்கென்று ஒன்று கேட்டு நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாசல் வரை போன பிறகு ஸ்க்ரூடிரைவரை விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். அண்ணன் உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"கரையான் மருந்து அடிக்கிற பையனே தட்டிப் பாத்துட்டு வாங்கத் துடிக்கிறான்னு சொல்லித்தான் எட்டு வீட்டையும் வித்துத் தள்ளினேன். அவனுக்கு எங்க குடுக்கறது? ஓசில செக்கிங் ஆவுது, அவ்ளோதான். இதை நானே எடுத்துக்கறேன். பொண்ணு பிரசவத்துக்கு வர்றா."

நான் கோபப்படவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவரே கூப்பிட்டார். "டாக்டரே, கோவிச்சுக்காத. உனக்கு இதைவிட நல்லதாப் பாத்துத் தர்றேன். மாடியை மட்டும் ஒரு தட்டு தட்டிச் சொல்லேன். கம்பெனி பேப்பர்லாம் எதுக்கு, உன் காது போதாதா?"

போனேன். அவர் மகள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஏழாவது மாதம். மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. "தம்பி, இவ்ளோ தட்றீங்களே, உள்ள இருக்கறது முழிச்சுக்கும்" என்று வயிற்றைக் காட்டிச் சிரித்தாள். நல்ல பெண்.

மாடி அறையின் தரை பெயிண்ட் அடித்த பலகை, பழைய மர உத்தரங்களின் மேல் நிற்கிறது. ஜன்னல் பக்கம் தட்டியபோது காலி டப்பா சத்தம் வந்தது. இன்னும் மூன்று இடத்தில் தட்டினேன். அதே சத்தம். கரையான் பெயிண்டைத் தொடாது, வெளியே பளபளவென்று இருக்கும். ஓரத்தில் முனையை வைத்து அழுத்தினேன். ஈர சோப்பில் இறங்குவது போல இறங்கியது. பெயிண்டைத் தேய்த்து ஓட்டையை மூடினேன்.

"என்ன சொல்றாரு டாக்டர்?"

"கெட்டியா இருக்கு அண்ணே."

"கட்டில் எங்க போடலாம்?"

"ஜன்னலோரமா போடுங்க. காத்து வரும். இரும்பு பீரோவும் பக்கத்துலயே இருக்கட்டும், உங்க பொண்ணுக்கு எட்டி எடுக்க வசதி."

அண்ணன் என் கன்னத்தைத் தட்டினார்.

அந்த மாடித் தரை விழ நாற்பத்தொரு நாள் ஆனது. முந்தாநாள் மத்தியானம். அண்ணன் யாருக்கோ வீடு காட்டப் போயிருந்தார், அவருக்கு ஒரு கீறல் இல்லை. அவருக்கு எதுவும் ஆக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. தனக்கென்று வைத்திருந்தது கண்ணெதிரே போனால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரிந்தால் போதும். அறையில் அவள் மட்டும்தான் இருந்தாள். அவளும் வயிற்றில் இருந்ததும்.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். "நீ தட்டிப் பாத்தியேடா" என்றார். "ஆமா அண்ணே, அப்ப கெட்டியாத்தான் இருந்துச்சு" என்றேன். பேப்பர் எதுவும் கிடையாது. வேண்டாம் என்றது அவர்தான். நான் ஒரு கல்லைக்கூட நகர்த்தவில்லை, அக்கா. ஒரு வார்த்தை சொன்னேன். எட்டு தடவை உண்மையைச் சொன்னேன், அதற்கு யாரும் எனக்கு ஒரு வீடு தரவில்லை.

இதை நீ படித்தாலும் சரி, மாமா படித்தாலும் சரி, ஒரே ஒரு உதவி. அவர் இனி அந்த வீட்டை வைத்துக்கொள்ள மாட்டார். இந்த நேரத்தில் நான் கேட்டால் நன்றாக இருக்காது. மாமா பேரில் ஒரு போன் போட்டு விலை கேளுங்கள். கீழே பின்னறை ஜன்னலுக்கு ஒன்றும் ஆகவில்லை, நேற்று போய்ப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.