புளோரன்ஸ் நகரத்துக் காய்ச்சல்

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திவிடுங்கள், சதாசிவம். சாரல் உங்கள் மேசைமேல் அடிக்கிறது. மலாயாவில் இந்தப் பத்து பாகாட் ஊர் மழைக்குப் போலீஸ் ஸ்டேஷன், கோயில் என்ற வித்தியாசமெல்லாம் கிடையாது. கோப்பிக்கு நன்றி. சீனி கொஞ்சம் குறைவு, இருந்தாலும் குடிக்கலாம்.

நான் சுத்தமான தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நீங்கள் இங்கிலீஷாக்கி இன்ஸ்பெக்டர் துரைக்குச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரான உங்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம்: என் பேச்சை அழகுபடுத்த வேண்டாம். அது ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கும்.

விஷயம் இதுதான். வேதக்காரர்களின் புது மாதா கோயிலில் கும்மட்டம், அந்த உருண்டைக் கூரை, இடிந்து விழுந்து இரண்டு பேர் செத்தார்கள். தான்தான் அதை விழுத்தியதாக அந்தோனிப்பிள்ளை உங்களிடம் அழுதிருக்கிறான். நீங்களும் நம்பி அவனை உள்ளே போட்டிருக்கிறீர்கள். அவனுக்குக் கும்மட்டம் கட்டவும் தெரியாது, விழுத்தவும் தெரியாது. விழுத்தியது நான். என் வேலைக்கு இன்னொருவன் பெயர் வாங்குவதை இந்த வயதில் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

அரசாங்க ஆபீசில் கட்டடப் படம் வரைகிற சாம்பசிவம் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை தடித்த படப்புத்தகம் ஒன்றை எனக்கு விட்டுப் போனார். அதில்தான் பிலிப்போ புருனெல்லெஸ்கியைப் பார்த்தேன். ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி இத்தாலியில் புளோரன்ஸ் நகரத்தில் கட்டடம் கட்டியவர். பார்த்த அன்றே எனக்கு விளங்கிவிட்டது, நான் பிறக்க வேண்டிய ஊர் யாழ்ப்பாணம் இல்லை என்று.

தட்டார் வேலை பழகியவர் அவர். அங்கே ஒரு கோயிலுக்கு வெண்கலக் கதவு செய்யப் போட்டி வைத்தார்கள். கிபெர்ட்டி என்று இன்னொருவன். இருவரும் சமம், சேர்ந்து செய்யுங்கள் என்றார்களாம் நடுவர்கள். அப்படியானால் முழுக்க அவனே செய்யட்டும் என்று பிலிப்போ எழுந்து ரோமாபுரிக்குப் போய்விட்டார். அங்கே இடிந்த மண்டபங்களை அளந்துகொண்டு திரிந்தவரைப் புதையல் திருடன் என்று ஊரார் நினைத்தார்கள். திரும்பி வந்தபோது பெரிய கோயிலின் தலை மூட ஆளில்லாமல் திறந்து கிடந்தது. அடியில் முட்டுக் கொடுக்காமலே கும்மட்டம் எழுப்புகிறேன் என்றார். பைத்தியம் என்று சபையிலிருந்து தூக்கி வெளியே போட்டார்கள். பிறகு அவரையே கூப்பிட்டு வேலையைக் கொடுத்தார்கள். கூடவே, சம அதிகாரத்தோடு, அதே கிபெர்ட்டியையும் உட்கார வைத்தார்கள். கமிட்டி என்பது எந்த நாட்டிலும் கமிட்டிதான்.

பிலிப்போ சண்டை போடவில்லை. விலாவில் வலி என்று படுத்துக்கொண்டார். தலையில் துணி, வயிற்றில் ஒத்தடம். கொத்தர்கள் வந்து அடுத்து என்ன செய்வது என்று கேட்டால், கிபெர்ட்டி இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள் என்றார். கிபெர்ட்டிக்கு ஒன்றும் தெரியாது. வேலை நின்றது, ஊர் சிரித்தது. பிலிப்போவுக்கு வலி குணமாயிற்று. அந்தப் பக்கத்தை நான் எத்தனை தரம் படித்தேன் என்பது துரைக்கு வேண்டாம்.

இப்போது நம்முடைய ஊருக்கு வருவோம். கோயிலுக்குப் படம் போட்டவன் நான். வட்டத் தூண், அரைவட்ட வளைவு, நடுவில் கும்மட்டம், எல்லாம் பிலிப்போ முறை. ஆனால் நான் சைவன். திருநீறு பூசினவன் கட்டிய கோயிலில் பூசை வைக்கக் கமிட்டிக்குக் கூச்சம். அதனால் சம அதிகாரத்தோடு அந்தோனிப்பிள்ளையை உட்கார வைத்தார்கள். அவன் பெக்கான் நானாஸில் அன்னாசி டின் அடைக்கிற கொட்டகை போட்டவன். தகரக் கூரை, நாலு மூலை, ஒரு கதவு. அவனுடைய ரோமாபுரி அது. வாசல் கல்லில் இரண்டு பேர் பெயரும் வெட்டுவதாகத் தீர்மானம், அவன் பெயர் முதலில். குரங்கு கையில் பூமாலை என்று சொல்வார்கள். இங்கே குரங்கின் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள்.

கும்மட்டம் சின்னதுதான். ஆயர் ஈத்தாம் சூளைச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. பிலிப்போ செங்கலை மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கி, முட்டில்லாமல் கட்டினார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். விழுந்தது. கொத்தன் அர்ச்சுனனுக்குக் கைவாகு போதாது என்று சொல்லிவிட்டு, அடியில் மரமுட்டுகளை நிறுத்திக் கட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் நினைப்பது முகத்தில் தெரிகிறது, சதாசிவம். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்கழி மழையில் சுண்ணாம்பு லேசில் இறுகாது. தை பிறந்து வெயில் ஏறும்வரை முட்டுகளில் கை வைக்கக் கூடாது. இது எனக்குத் தெரியும். யாருக்கும் சொல்லவில்லை. கடைசிச் செங்கல் வைத்த மறுநாள் நான் படுத்துக்கொண்டேன்.

விலாவலி நம் ஊரில் எடுபடாது. குலைப்பன் காய்ச்சல், அதுதான் மலேரியா, என்றால் எல்லாரும் நம்புவார்கள். கமக்கட்டில், அக்குளுக்குள், வெங்காயத்தை வைத்தால் உடம்பு சுடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, அதைத்தான் செய்தேன். ஆஸ்பத்திரி டிரெஸர் வந்து கொயினா மருந்து கொடுத்தார். மடக்கு மடக்காகக் குடித்தேன். கலைக்காக நான் பட்ட கசப்பு அது.

அர்ச்சுனன் வந்தான். தலைமாட்டில் நின்று, "ஐயா, முட்டுங்களைப் பிரிக்கச் சொல்றாங்க. பிரிச்சிடலாங்களா?" என்றான். அந்தோனிப்பிள்ளை இருக்கிறாரே, அவரைக் கேள் என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைக்கிறீர்கள். புளோரன்ஸில் அடித்த மணி என் காதில் கேட்டது.

நான் கணக்கில் எடுக்காதது ஒன்றே ஒன்று. கிபெர்ட்டி தெரியாது என்று வேலையை நிறுத்தினான். அவனுக்கு அந்த அளவுக்காவது அறிவு இருந்தது. நம்மவர்களுக்குக் கோயில் சுவாமியார், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முன்னம் முடிய வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், தெரியாவிட்டாலும் வேலை நடக்கும்.

ஆனால் அந்தோனிப்பிள்ளையைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும். அவன் அடுத்த நாள் காலையில் வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு கட்டில் பக்கத்தில் குந்தினான்.

"அண்ணை, உது எனக்கு விளங்காது. நான் கொட்டகை போட்ட ஆள். கல்லிலை உங்கடை பேரை மட்டும் வெட்டச் சொல்லிப்போட்டன். முட்டுகளைக் கழட்டலாமோ, கூடாதோ? அது ஒண்டைச் சொல்லுங்கோ."

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது. நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. கூடாது என்று சொல்லிவிட்டு நான் கஞ்சி குடித்திருக்கலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். படுக்கையறையில், உட்காருகிற கதிரையும் மருந்துப் போத்தலும் சாட்சியாக, ஒருவன் தோற்றால் அது என்ன தோல்வி? பிலிப்போவுக்கு ஊரே பார்த்துக்கொண்டு நின்றது. அதுவும் போகட்டும். கொஞ்சம் முன்புதான் அவன் காதில் விழக் காய்ச்சல்காரன் மாதிரி பிதற்றிக்கொண்டிருந்தேன். பிதற்றுகிறவன் திடீரென்று தெளிவாகச் சுண்ணாம்பைப் பற்றிப் பேசினால் அவன் என்ன நினைப்பான்? நான் சுவர்ப் பக்கம் திரும்பி முனகினேன்.

மௌனம் சம்மதம் என்று எந்த மடையன் சொல்லிவைத்தானோ. அந்தோனிப்பிள்ளை வெளியே போகும்போது என் மனைவி ஞானேஸ்வரியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. ஆபத்தென்றால் அண்ணை சாகக் கிடந்தாலும் எழும்பிச் சொல்லுவார், ஒன்றும் சொல்லவில்லை, அதனால் பயமில்லை என்றான். என்னைப் பற்றி இந்த ஊரில் யாரும் அவ்வளவு உயர்வாகச் சொன்னதில்லை. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஞானேஸ்வரி உள்ளே வந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"உந்த வெங்காயம் எனக்கு முதல் நாளே தெரியும். நான் ஒண்டும் கேக்கேல்லை. இப்ப சொல்லுங்கோ, விழுமோ?"

விழும் என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. நடு முட்டு மரத்தைத் தட்டி எடுத்த கையோடு விழும் என்று விளக்கமாகவே சொன்னேன். எழும்பி வாங்கோ என்றாள். காய்ச்சல்காரன் எப்படி மழையில் வருவது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கிலீஷாக்க உங்களால் முடியாது, விட்டுவிடுங்கள். குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆற்றோரப் பாதை ஒரே சகதி. சேலையை ஒரு கையால் தூக்கிக்கொண்டு, விழுந்து எழும்பி ஓடுகிறாள். அந்த நேரத்துக்குப் பக்க முட்டுகளைப் பிரித்திருப்பார்கள், நடு முட்டுக்கு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அவள் போய்ச் சேருகிற நேரத்தையும் ஓரளவு கணக்குப் போட்டேன். கணக்கில் நான் எப்போதும் சரி.

அவள் வாசலில் நின்று கத்தியிருக்கிறாள். சாந்து சுமந்த பெண்கள் எல்லாரும் கூடையைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிட்டார்கள். அந்தோனிப்பிள்ளையையும் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். சாரத்தின் மேலே இருந்த அர்ச்சுனனுக்கு மட்டும் மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. அவனைக் கூப்பிட அவள் அடியில் போனாள். கும்மட்டம் விழுந்த சத்தம் எனக்குக் கட்டில்வரை கேட்டது. நான் நினைத்திருந்ததைவிடச் சின்னச் சத்தம்.

இரண்டு பேரும் அடியில் போய்விட்டதை என்னிடம் சொல்ல வந்தவர்கள், காய்ச்சல்காரன் தாங்குவானோ என்று பயந்து மெதுவாகச் சொன்னார்கள். சுடுகாட்டுக்கு என்னைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கும்மட்டம் இருந்த இடத்தைப் பிறகு போய்ப் பார்த்தேன். சுவர்களில் ஒரு கீறல் இல்லை. துரைக்கு அதைத் தவறாமல் சொல்லுங்கள்.

துரை என்ன கேட்கிறார்? அவள் பின்னால் ஏன் ஓடவில்லை என்றா? குறுக்கு வழியில் போயிருந்தால் நான் அவளை முந்தியிருப்பேன், அது உண்மைதான்.

துரைக்கு நம் பெண்களைப் பற்றித் தெரியாது, சதாசிவம், நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். நான் ஓடியிருந்தால் என் காய்ச்சல் பொய் என்று ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கும். பொய்யனின் பெண்சாதி என்று பெயர் எடுத்தவள் எப்படி வெளியே தலைகாட்டுவாள்? ஞானேஸ்வரி மானமுள்ளவள். அவளுக்காகத்தான் நான் எழும்பாமல் படுத்திருந்தேன்.